வாங்குபவர் பக்கம்

விற்பவருக்கு ஓர் ஆள் இருப்பார்,
கோட்டும் சிரிப்புமாக.
நான் வாங்குபவர் பக்கம்.
என் பையில் ஒரு டார்ச், சுவரின் ஈரம் பார்க்கும் கருவி,
மகனிடமிருந்து பறித்த ஒரு நீலக் கோலி.

டுலூத் நகரமே ஏரியை நோக்கிச் சரிகிறது.
இங்கே எந்த வீடும் முழுசாக நிமிர்ந்து நிற்பதில்லை.
கோலியைச் சமையலறை நடுவில் வைப்பேன்.
அது கிளம்புகிற வேகத்தைப் பார்த்து
விலையில் எவ்வளவு தட்டலாம் என்று சொல்வேன்.

ஓரின் ஹாக்லண்ட், டெக்லா ஹாக்லண்ட்.
மணமாகி முப்பத்தோரு வருடம்.
அவர் இரும்புத்தாது ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
அவள் பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறாள்.
மூன்று படுக்கையறை, மாடிப்படி கூடாது,
கராஜில் ஹீட்டர் வேண்டும் என்று
முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள்.
எல்லாம் ஒரே கையெழுத்து.
அதை நான் அன்று கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் தொடங்கினோம்.
விளம்பரத்தில் 'கதகதப்பான அறை' என்றால்
கட்டில் போட்டபின் கதவு திறக்காது.
'ஏரி தெரியும்' என்றால்
குளியலறை ஜன்னலில், ஸ்டூல் போட்டு ஏறினால் தெரியும்.
ஐந்தாவது வீடு இருவருக்கும் பிடித்துப்போயிற்று.
நிலவறைச் சுவரில்
முழங்கால் உயரம்வரை மட்டும் புதுப் பெயிண்ட்.
தண்ணீர் எதுவரை வந்ததோ அதுவரை.
"வேண்டாம்" என்றேன்.
அந்த ஒரு சொல்லில் என் மூன்று மாத வாடகை போயிற்று
(ஆமாம், நான் இருப்பது வாடகைக்கு,
சலவைக் கடை மாடியில்).

வீடு பார்க்கப் போனால்
மனிதர்களையும் பார்த்துவிடுகிறோம்.
ஓரின் நேரே ஹீட்டரிடம் போவார்,
தட்டுவார், குனிந்து அதனிடம் ஏதோ விசாரிப்பார்.
டெக்லா ஓர் அலமாரியைக்கூடத் திறந்ததில்லை.
இருப்பதிலேயே சின்ன அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொள்வாள்.
ஒரு நிமிடம். இரண்டு.
வெளியே வந்து, "சத்தம் கேட்டதா, மார்லிஸ்?"
என்ன சத்தம்?
"ஒன்றுமில்லை. கேட்கிறதா என்றுதான்."

பதினான்காவது வீடு. ஏப்ரல். வாசலில் இன்னும் பனி.
ஓரின் கராஜில் இருந்தார்.
துணி துவைக்கும் அறையில், எனக்கு முதுகு காட்டியபடி,
"இதில் பாதி அளவில் ஒரு வீடு கிடைக்குமா?
ஒரு நாற்காலி மட்டும் போடுகிற மாதிரி."
நான் தொழில் பழக்கத்தில் கேட்டேன்:
"எந்தப் பகுதியில்?"
வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று
இன்னமும் பல் தேய்க்கும்போது யோசிக்கிறேன்.

திரும்பும் வழியில் காரில் மூவரும் பேசவில்லை.
வைப்பர் மட்டும்
இல்லை, இல்லை என்றுகொண்டே வந்தது.
இறங்கும்முன் ஓரின் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டார்.
மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்.
பிறகு தாளைக் கவிழ்த்து வெற்றுப் பக்கம் மேலாக வைத்து
பேனாவை அவளிடம் நீட்டினார்.
அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது போலில்லை,
அவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது போல.

வாங்குபவரின் நலனே என் கடமை
என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு.
வாங்குபவர் இரண்டாகிவிட்டால் என்ன செய்வது என்று
அதில் இல்லை.
அலுவலகத்தில் கைதட்டினார்கள்.
ஒரு குடும்பம், இரண்டு கமிஷன்.
யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள்.
நானும் ஒரு துண்டு தின்றேன், நன்றாகவே இருந்தது.

ஓரினின் வீட்டில் கோலி அசையவேயில்லை.
முட்டி போட்டு அதையே பார்த்திருந்தார்.
"இவ்வளவு மட்டமாகவா இருக்கும் தரை?"
குறையாகச் சொன்னாரா, தெரியவில்லை.

டெக்லாவினது மேட்டுத் தெருவில், ஒன்றரை அறை.
வைத்த கணமே கோலி பாய்ந்தது,
நிலைப்படியில் மோதித் திரும்பி
ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் மறைந்தது.
"எட்டாயிரம் டாலர் குறைத்துக் கேட்கலாம்."
"ஓடட்டும்," என்றாள்.

நான் குனிந்து கைவிட்டுத் துழாவுவதற்குள்
அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
குனிந்த நிலையிலேயே, மூச்சைப் பிடித்து,
கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.