கட்டில் எண் பதினொன்று

நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தது.
தமிழில் எழுதி மெஸ் கதவில் ஒட்டச் சொன்னார் கேம்ப் பாஸ்.
கம்பெனிக்கு இருபத்தைந்து வயதாம்.
புதன்கிழமை, நைட் ஷிஃப்டுக்கும் லீவு,
தகரக் கூரைக்குக் கீழே
ஒரு 'கன்விவியல்' மாலை.

இயல் என்று முடிவதால்
வேதியியல், விலங்கியல் போல
நான் தோற்ற ஏதோ பாடம் என்று நினைத்தேன்.
போனில் தேடலாம் என்றால் டேட்டா தீர்ந்திருந்தது,
சம்பளம் பதினெட்டாம் தேதிதான்.
சிமெண்ட் பை கிழித்த தாளில் அந்தச் சொல்லை எழுதித்
தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.

சொல்ல மறந்தேன்.
சஜாவில், பி பிளாக்கில், பதினொன்றாம் கட்டில்
பகலில் நசரேனுடையது, இரவில் என்னுடையது,
இரண்டு வருடமாக.
அவர் பஸ் உள்ளே வரும்போது
என் பஸ் வெளியே போகும்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட்,
அவ்வளவுதான் அவர் முகம்.
மற்றபடி எனக்குத் தெரிந்தவை
மெத்தையில் இடது பக்கப் பள்ளம்,
கோடாலித் தைல வாசம்,
ஆணியில் ஒரு ஜெபமாலை,
ஏசி செத்த ஜூலையில்
எனக்கென்று நனைத்து வைத்துப் போன துண்டு.

மாலை திரும்பினால் தாளில் பதில்,
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:

'லத்தீன். செமினரியில் மூன்று வருடம் இருந்து ஓடிவந்தவன் நான்.
கான் என்றால் உடன். விவெரே என்றால் வாழ்தல்.
கூட வாழ்வது என்றுதான் அந்தச் சொல் தொடங்கியது.
ரோமில் அதுவே விருந்துக்குப் பெயராகிவிட்டது.
கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிடுவார்கள் அவர்கள்.
மூட்டைப்பூச்சி மருந்து வாங்கு. என் முறை போன மாசம்.'

கூட வாழ்ந்தால் விருந்தா?
சிரிப்பு வந்தது.
எட்டுக் கட்டில், பதினாறு பேர், ஒரு குக்கர்,
என் முட்டையைத் தின்றவன் எவன் என்று
தினம் ஒரு வழக்கு.
நம் சொல்லோ வேறு திசையில் நிற்கிறது:
விருந்து என்றால் புதிது,
வாசலில் வந்து நிற்கும் முகமறியாதவன்.
ரோமாபுரிக்காரன் பழகியவனோடு உண்டான்,
நாம் பழகாதவனுக்குப் பரிமாறினோம்.
நசரேனை எந்தக் கணக்கில் எழுதுவது?

'கூடிக் களிக்கும் மாலை' என்று ஒட்டினேன்.
சீனி உதுமான் படித்துவிட்டு
'பிரியாணி உண்டா இல்லையா, அதைப் போடு' என்றான்.
போட்டேன்.

புதன். மேனேஜர் பேச்சு, மைக்கின் கரகரப்பு.
கேக் எங்கள் வரிசைக்கு வருமுன் தீர்ந்தது.
பிரியாணி டப்பாவோடு அறைக்கு வந்தால்
பதினொன்றாம் கட்டிலில், அந்தப் பள்ளத்தில்,
திறக்காத டப்பாவை மடியில் வைத்து
ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
நினைத்ததைவிடக் குள்ளம்.
உனக்காகத்தான் காத்திருந்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.
கொஞ்சம் நகர்ந்தார்.

மேல்கட்டில் தலையில் இடிக்கும் என்பதால்
சாய்ந்துதான் சாப்பிட முடிந்தது.
'ரோமர்கள்' என்றார், வாய் நிறையச் சோற்றோடு.
தன் முட்டையை என் டப்பாவில் வைத்தார்.
வேண்டாம் என்றேன். பிறகு தின்றேன்.

கை கழுவி வந்தபோதுதான் உறைத்தது.
இரவு, இருவரும் உள்ளே,
கட்டில் மூன்றடி அகலம்.
'ராத்திரி உன்னுடையது' என்று எழுந்தார்.
'லீவு நாளில் கணக்கில்லை' என்றேன்.
எழுந்தவர் நின்றார், நின்றவர் உட்கார்ந்தார்,
இடிந்தகரையில் அவர் தங்கைக்கு
மாப்பிள்ளை பார்க்கும் கதையில் ஆரம்பித்தோம்.

நாலரைக்கு என் பஸ் ஹாரன் அடித்தது.
தலையணை ஆறிக் கிடந்தது.
மருந்து இன்னும் வாங்கவில்லை.