எந்த வயது

சோஹார் நீதிமன்றத்தில் எனக்கு வேலை
வாய் மட்டும்.
அமர்வுக்கு இவ்வளவு ரியால், மதியச் சாப்பாடு கிடையாது.
கீழக்கரை மதரஸாவில் அடிவாங்கிப் படித்த அரபி
இங்கே இரண்டு பக்கமும் பேசிக் காசாகிறது.
கேட்டதைச் சொல்லலாம். சொன்னதைச் சொல்லலாம்.
தெரிந்ததைச் சொல்லக் கூடாது.

செவ்வாய், ஏழாவது வழக்கு.
கட்டி முடியாத கிடங்கிலிருந்து
நாற்பது கிலோ செம்புக் கம்பி.
ஃபோர்மேன் ஏற்றச் சொன்னார், ஏற்றினான்.
போலீஸ் வந்தபோது ஃபோர்மேன் இல்லை,
லாரி இல்லை.
கம்பி இருந்தது. இவன் இருந்தான்.

பெயர் பூமிராஜ். கமுதிப் பக்கம்.
பாஸ்போர்ட்டில் இருபத்து மூன்று.
மீசை இருக்க வேண்டிய இடத்தில்
வேர்வை இருந்தது.

"கம் உம்ரக்?" என்றார் நீதிபதி.
உம்ர் என்றால் வயது.
அதே உம்ர்தான் ஆயுளும்.
உன் ஆயுள் எவ்வளவு என்பது போலத்தான்
அந்த மொழியில் எல்லோரையும் வயது கேட்கிறார்கள்.
நான் வயதை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான்.
"எந்த வயசச் சொல்லணும் சார்?"

பதினாறு என்றால் பாஸ்போர்ட் பொய்,
அது தனி வழக்கு.
ஏஜென்டிடம் அப்பா கையெழுத்திட்ட புரோநோட்டும்
அதோடு சேர்ந்து கிளம்பும்.
இருபத்து மூன்று என்றால்
இப்போது இருக்கும் இடமே இடம்.
ஒரு பொய்யிலிருந்து வெளியேற
இன்னொரு குற்றத்துக்குள் திறக்கிற கதவு.
வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தேன்,
"எந்த வயதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான்."
அரபியில் அவனும் அவரும் ஒன்றுதான்.
தமிழில்தான், உள்ளுக்குள்,
நான் அவனை அவன் என்று தீர்ப்பெழுதி முடித்திருந்தேன்.

முந்தின வாரம் வழக்கறிஞர் பத்ரிய்யாவோடு
சிறைக்குப் போயிருந்தேன்.
ஒரே கூடத்தில் முப்பத்தெட்டு ஆண்கள்.
வியாழன்தோறும் ரேஸர் எண்ணிக் கொடுத்து
எண்ணி வாங்குவார்கள்.
இவன் தன் முறையை
இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுக்கு விற்கிறான்.
சொல்லும்போது கொஞ்சம் பெருமை.
"ராத்திரி?" என்று கேட்டாள் பத்ரிய்யா.
"செவுத்துல முதுக வச்சு உக்காந்தே தூங்குவேன்."
"ஏன்?"
அவன் பிஸ்கட் கவரை நான்காக மடித்தான்,
எட்டாக மடித்தான்.
சொல்லாததை மொழிபெயர்க்க
எனக்குக் கூலி இல்லை.

மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது
எலும்பின் நுனியில் இன்னும் ஒட்டாத
மெல்லிய கோடு ஒன்று.
அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.
மருத்துவர் எழுதியது:
பதினாறிலிருந்து பதினெட்டு; இரண்டு கூடலாம், குறையலாம்.
அரசுத் தரப்பு 'கூடலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டது.
பத்ரிய்யாவுக்கு 'குறையலாம்' மிச்சம்.

இனி பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும்.
சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை,
மஸ்கட்டில் ஒன்று.
அதுவரை எலும்பு காத்திருக்குமா என்று
யாரும் கேட்கவில்லை.
ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள்.
அதுவரை அதே கூடம், அதே முப்பத்தெட்டு.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"பேன்ட் பத்தல சார்.
குடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

சொன்னேன்.
எழுத்தர் சிரித்தார், பேனாவைத் தொடவில்லை.
பத்ரிய்யா மட்டும் எழுந்து நின்று,
"அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்,
அந்தக் கணுக்காலைப் பாருங்கள்" என்றாள்.

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவதற்குள்
பையன் வெட்கப்பட்டு,
விலங்கிட்ட கைகளால்
கால்சட்டையைக் கீழே இழுத்து
மூடிவிட்டான்.