பதினோரு மாதம், பதினான்கு மாடி

மர்சேய் நகரின் வடமேட்டில்
கடல் தெரியும்; கடலுக்குப் பேருந்து கிடையாது.
அங்கே 'லே ஃபிகியே' குடியிருப்பு.
பெயரில்தான் அத்திமரங்கள்.
மூன்றாம் கோபுரத்து லிஃப்ட்
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுபோனது.

திறந்து பார்த்தவன் நான்.
கதவுப் பூட்டில் ஒரு தொடுமுனை தேய்ந்திருந்தது,
கட்டைவிரல் நகத்தளவு.
இருநூற்றுப் பதினான்கு யூரோ, வரி தனி.
எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை.
முதல் இரண்டுக்குப் பதில் வந்தது:
பரிசீலனையில் உள்ளது.

இருநூற்று ஐம்பத்திரண்டு படிகள்.
எட்டாவது மாடியில் விளக்கில்லை.
ஒன்பதாவதில் விளக்கிருந்த துளையிலிருந்து
சுவர் வழியே பச்சையாய் ஒழுகியது ஈரம்.

ஃபஹார்டீனுக்கு அப்போது பதின்மூன்று.
கோமோரோ தீவிலிருந்து வந்த அம்மா
விடியுமுன் விமான நிலையத்தில் தரை துடைப்பாள்.
மூன்றாம் மாடிச் சுவரில் அவன் சாக்கட்டியால் எழுதினான்:
தண்ணீர், ஆறு பாட்டில் – ஒரு யூரோ.
கேஸ் சிலிண்டர் – இரண்டு.
குழந்தை – இலவசம் (அழாவிட்டால்).

ஒற்றைக்கால் பெல்கீரின் சக்கர நாற்காலியை
இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு
மாதம் ஒருமுறை இறக்குவான், ஏற்றுவான்.
என்னைப் பார்த்தால் கேட்பான்:
"என் பிழைப்பைக் கெடுக்கவா வந்தீங்க?"
சிரிப்பான். நானும் சிரித்தேன்.

கீழே வாசலில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களும்
அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.
போலீஸ் பூட்ஸோடு மேலே வர ஏழு நிமிடம்;
லிஃப்ட் ஓடினால் நாற்பது விநாடி.
செத்த லிஃப்ட் அவர்களுக்குக் கோட்டைச் சுவர்.
"தண்ணீரைவிட எடை குறைவு" என்றார்களாம்.
"காசு மட்டும் கூட."

கோடையில் அவனுக்குப் புது காலணி.
நான் கேட்கவில்லை.
சாக்கட்டி விலைகள் அப்படியே இருந்தன,
பெல்கீர்தான் இறங்குவதை நிறுத்திவிட்டார்.

ஜனவரியில் ஒரு விடியலில் ஏறினார்கள், முப்பது பேர்.
பதினான்காம் மாடியில் ஓர் இரும்புப் பெட்டகம்.
அதைப் படியில் இறக்க முடியாது.
காலை ஒன்பதுக்கு எனக்குப் போன் வந்தது.
பத்தரைக்குத் தொடுமுனை வந்தது,
மோட்டார் சைக்கிளில், பஞ்சில் பொதிந்து.
பதினோரு மணிக்கு லிஃப்ட் ஓடியது.

முதலில் பெட்டகம் இறங்கியது.
இரண்டாவது தடவை அவன்,
இரு அதிகாரிகளுக்கு நடுவே, விலங்கோடு.
பொத்தானை அவனே அழுத்தினான்.
எரியும் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"வேலை செய்யுதே" என்றான், என்னிடம்.

நீதிமன்றத்தில் அம்மாவின் வேலை நேரம் கேட்டார்கள்.
தகப்பன் எங்கே என்று கேட்டார்கள்.
பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை வாசித்தார்கள்.
லிஃப்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
என்னைக் கூப்பிடவும் இல்லை.
கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது:

இடித்த கட்டடம் ஒன்றில் கழற்றிய தொடுமுனை,
அதே அளவு, நல்ல நிலையில்,
அந்தப் பதினோரு மாதமும் என் வண்டியில் இருந்தது.
பழையதைப் போடக்கூடாது என்பது விதி.
போடவில்லை.

மேட்டிலிருந்து இறங்கும் வளைவுகளில்
இரண்டாவது டிராயர் கிலுங்குகிறது.
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.