பஞ்சு

மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைப்பேன்.
பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வரக்கூடாது.
பதினோரு வருஷப் பழக்கம்.

இன்று பையில் இரண்டு டப்பா.
ஒன்று எனக்கு.
மற்றது, மூன்று மாதமாக
ஏ.ஆர்.டி. சென்டர் பக்கமே வராத சடையனுக்கு.

கீழே சேலத்தில் வெயில்.
பத்தாவது கொண்டை ஊசி வளைவில்
ஜன்னலைச் சாத்தச் சொன்னார் கண்டக்டர்.
போன மாதப் பயணப்படி இன்னும் வரவில்லை.

நாகலூரில் இறங்கி நடந்தேன்.
களத்தில் காப்பிப் பழம் கிளறிக்கொண்டிருந்தான்.
"ஆஸ்பத்திரி ஆளா?
வாங்குற சம்பளத்துக்குப் பேசுவீங்க.
உங்களுக்கென்ன தெரியும்?"

மேஸ்திரி தூரத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தார்.
பயிற்சியில் தந்த பதில்கள் ஏழு.
ஒன்றும் வாயில் வரவில்லை.
என் டப்பாவைத் திறந்து
பஞ்சை உருவி
அவன் காதருகே ஆட்டினேன்.

கிளறுவதை நிறுத்தினான்.
"ராத்திரியில தலை சுத்துமா,
உங்களுக்கும்?"
"மொத மாசம் சுத்துச்சு."
கை நீட்டினான்.

இறங்கும் பஸ்ஸில்தான் பார்த்தேன்,
பஞ்சு களத்திலேயே விழுந்துவிட்டது.
ஒவ்வொரு வளைவிலும் சலசலப்பு.
"புதுக் கொலுசா?" என்றார்
பக்கத்து சீட்டு அம்மாள்.
"செவ்வாப்பேட்டையில எடுத்தது" என்றேன்.