ஏழாவது பொருள்

காரைக்குடி விடுதி, ஏசி அறை.
தொண்டிக் கடல் திரையில்
நீலக் கட்டங்களாக.
பதினொரு நாற்காலி. பதினோராவது
நம்புத்தாய்க்கு. பெயர்ப்பலகையில்
‘பாரம்பரிய மீனவர் பிரதிநிதி’.
பெயர் இல்லை.

ஏழாவது பொருள்: நண்டுக் கணக்கெடுப்பு, நாலு கோடி.
“என்னென்னைக்கு எண்ணுனீங்க?”
திங்கள், புதன், சனி.
“அது விசைப்படகு போற நாளு.
எங்க வலை மத்த நாள்ல கிடக்கு.
அந்த நண்ட யாரு எண்ணுறது?”

தலைவர் தண்ணீர் குடித்தார்.
நிதி அலுவலர் எடுத்த முந்திரியைத்
தட்டிலேயே திரும்ப வைத்தார்.

குறிப்பெடுப்பவன் நான்.
‘உறுப்பினரின் கருத்து பதிவு செய்யப்பட்டது’
என்று வழக்கம்போல எழுதி, அடித்துவிட்டு,
அவர் கேட்டதைக் கேட்டபடியே எழுதினேன்.

கையெழுத்துக்குப் போன தாள்
இன்னும் திரும்பவில்லை.
அவருக்குப் பயணப்படி மட்டும் வந்துவிட்டதாம்,
நூற்று நாற்பது ரூபாய்.