பதினாறு பெட்டி

செக்கானூரணி தாண்டித் தேனி ரோட்டில்
தாய்மாமன்கள் கும்பிடும் பிளக்ஸுக்குக் கீழே
பதினாறு பெட்டி,
எட்டுக்கு எட்டாய் எதிரெதிரே.

புகார் கொடுத்தவர் நர்ஸ் ஜெபசெல்வி.
இரவுப் பணி முடித்து வந்தவர்
ஒரு காதில் தலையணையை அமுக்கிக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.
அவர் ஜன்னலோரம் மீட்டரை நீட்டினேன்:
தொண்ணூற்றைந்து.
சட்டம் சொல்வது ஐம்பத்தைந்து.

சவுண்டு செட் இதயத்துல்லா வம்பு பேசாத ஆள்.
"பாதிய அணைச்சிர்றேன் மேடம்" என்று
எட்டுப் பெட்டியின் வாயை அடைத்தார்.
தொண்ணூற்றிரண்டு.
ரேடியோவைத் தட்டுவதுபோல்
மீட்டரை இரண்டு தட்டுத் தட்டினார்.
"எட்டுப் பெட்டி போச்சு. மூணுதானா குறையுது?"

பெருக்கல் உள்ளே போனால்
கூட்டலாய் வெளியே வரும் என்று
உருப்போட்டு மார்க் வாங்கியவள் நான்.
ஏன் என்று கேட்டால் வாய் வராது.

மொய் மேசையில் ஒச்சம்மாள்
பழைய நோட்டைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள்:
"வாலகுரு மாமா ஐந்நூறு வச்சாரு,
நாம ஆயிரம், அவரு ரெண்டாயிரம்,
நாம நாலாயிரம், இன்னைக்கு அவரு எட்டாயிரம்..."
பணம் பதினாறு மடங்கு.
திருப்பிச் செய்தது நாலே நாலு தடவை.

"இந்த மீட்டர் ரூபாயை எண்ணாது அண்ணே,
தடவையை எண்ணும்."

அவர் விரலை மடக்கத் தொடங்கினார்.
பதினாறு எட்டாக ஒன்று,
எட்டு நாலாக இன்னொன்று,
ஒற்றைப் பெட்டிக்கு வரும்போது
கட்டைவிரல் மட்டும் நின்றது.
நாலு விரல், விரலுக்கு மூணு.
எண்பத்துமூன்று, சரியாக.
மடக்கை என்ற பேரில் கை இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

மிச்சம் இருபத்தெட்டு.
குமிழைத் திருகிச் சக்தியைப் பத்தில் ஒன்றாக்கினால் பத்து குறையும்.
அதிலும் பத்தில் ஒன்று.
அதிலும்.
"ஆகப் பதினாறாயிரத்துல ஒரு பங்கா?
அதுக்கு நானே பாடிட்டுப் போயிருவேனே!"

ஊசி ஏறும் நேரம் பாட்டை நிறுத்தினார்கள்.
நாற்பத்துநாலு.
அண்டாவில் கரண்டி, எங்கோ ஒரு கோழி.
"சுழியம் வராதா?"
சுழியம் என்பது நிசப்தம் இல்லை.
காதுக்கு எட்டும் மிகச் சன்னமானதை
ஒன்று என்று வைத்துக்கொண்டோம்,
ஒன்றின் மடக்கை சுழியம்.
ஒன்றுமே இல்லாததைக் கேட்டால்
அட்டவணை பதில் சொல்வதில்லை,
கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும்.
இதைச் சொல்லி முடிக்குமுன்

மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது.
தொண்ணூற்றொன்று.
கரண்டு இல்லை, பெட்டி இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை.
அறிக்கையில் நான் அதை எழுதவில்லை.

கிளம்பும்போது நூற்றியொன்று வைத்தேன்.
நூறு என்றால் நேராக இரண்டு.
கூடவே கூட்டிய அந்த ஒற்றை ரூபாயைப்
பிரித்துச் சொல்ல
எனக்குத் தெரிந்த விதி எதுவும் இல்லை.
பேர் கேட்காமலே ஒச்சம்மாள் எழுதினாள்:
சவுண்டு மேடம், மதுரை.