வழக்குச் சொத்து

கோட்டீஸ்வரன் என்று பெயர்.
குழிக்குள் இறங்கியபோது
சட்டைப்பையில் நாற்பது ரூபாய்.

அவன் அக்கா ஏகவல்லி பேசியது என் மைக்கில்தான்,
புளியந்தோப்பு நெடுஞ்சாலையில்,
நாலு நிமிஷம்.
ஐந்தாவது நிமிஷத்தில் வேன் வந்தது.
அவளை ஏற்றினார்கள்,
கூட நின்ற இருபத்திரண்டு பேரை ஏற்றினார்கள்,
இடம் மிச்சமிருந்ததால்
என் ஹாரன் ஸ்பீக்கரையும் ஏற்றினார்கள்.

டில்லிபாபு சவுண்ட் சர்வீஸ் என்று
சிவப்புப் பெயின்ட்டில் நானே எழுதியது.
அதன்மேல் சீட்டு ஒட்டி, நூல் சுற்றி,
அரக்கு வைத்து
வழக்குச் சொத்து ஆக்கினார்கள்.

மூன்று வருஷம்.
ஓட்டேரியில் இரவல் ஸ்பீக்கர் வாங்கி
மஞ்சள் நீராட்டு, ஆடிக்கூழ் என்று ஓட்டினேன்.
வாய்தா நாட்களில் ஏகவல்லி
வேலை செய்யும் வீடுகளுக்கு
வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வருவாள்.
மூன்று வருஷமும் அவளுக்கு வயிற்றுவலி.

தீர்ப்பு வந்தது. பதினாலு பக்கம், இங்கிலீஷ்.
பாரிமுனை டீக்கடையில் நின்று
வக்கீல் ஜெமிமா தமிழில் சொன்னார்:
செத்தவனுக்காகத் தெருவில் கூடியது குற்றமில்லை.
உரத்துப் பேசியதும் குற்றமில்லை.
போக்குவரத்து சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

"என் தம்பி எப்டி செத்தான்னு போட்டுக்குதா?"

அது வேற கேஸ்மா.

ஸ்டேஷன் பின்பக்கம்
நொறுங்கிய ஆட்டோக்களுக்கு நடுவே கிடந்தது ஹாரன்.
பின்னால் திருகும் யூனிட்டைக் காணோம்.
உள்ளே மழைத்தண்ணீர், குளவிக்கூடு.
'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று
கையெழுத்து கேட்டார்கள்.
போட்டேன்.

அவன் இறங்கிய மூடியண்டை நின்று
தீர்ப்பைப் படிக்கணும் என்றாள் ஏகவல்லி.
மைக்கில் படிக்க
ஐந்து நாள் முன்னால் மனு தரணும் என்றார் ரைட்டர்.
என்ன பேசப்போறீங்க என்று கேட்டு
எழுதத் தொடங்கினார்,
'ஐகோர்ட் தீர்ப்பு' என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

அன்று சாயங்காலமே படித்தாள்.
ஒயர் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை.
குளவிக்கூட்டைத் தட்டிவிட்டு
யூனிட் இருந்த ஓட்டையில் வாய் வைத்து,
ஜெமிமா எழுதிக்கொடுத்த தமிழை
எழுத்துக் கூட்டி.
ஹாரனை நான் தோளில் தாங்கியிருந்தேன்.
மைக் என்று யாரும் சொல்லமுடியாது,
தகரப் புனல்.

மூன்றாம் பக்கத்தில் தண்ணி லாரி வந்தது.
பாதிப்பேர் குடத்தோடு ஓடினார்கள்.
அவள் நிறுத்தினாள்.
எச்சில் விழுங்கிக்கொண்டு,
லாரி நிற்கும் பக்கமாய்த்
திருப்பிப் பிடி என்றாள்.